பச்சை காட்டிய ஐந்து போன்கள்

கொரோனா வந்த வருஷம், ஆடி மாதத்தில், கலையரசனுக்கு உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாத ஒரு வியாதி வந்தது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. விடியற்காலையில் மனைவி ஜெயசித்ரா குப்பை அள்ளக் கிளம்பிப் போனதும் ஆரம்பிக்கும். மதியம் அவள் திரும்பி வந்து, கொல்லைப்புறத்தில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கட்டியிருந்த துணியைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கிவிட்டு உள்ளே வரும்வரை விடாது. அதற்குள் கடையில் மூன்று போன்களைப் பிரித்துப் போட்டிருப்பான். ஒன்றையும் மூடியிருக்க மாட்டான்.

கடை என்பது பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில், கையை நீட்டினால் இரண்டு சுவரும் தொடும் ஓர் இடம். செல்போன் பழுது பார்ப்பது தொழில். பாலிடெக்னிக்கை முதல் வருஷத்தோடு விட்டுவிட்டுத் திருச்சியில் ஒரு கடையில் கூடமாட இருந்து வேலை கற்றவன். துபாயிலிருந்து லீவில் வந்து, விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்ட பக்கத்து ஊரான லப்பைக்குடிக்காட்டு ஆட்கள் கொண்டுவந்த போன்கள்தான் அந்த மாதங்களில் கடையை ஓட்டின. ஆப் செய்யவும் அவனுக்குத் தெரியும். யாரும் சொல்லித்தரவில்லை. வீடியோ பார்த்து, தப்புத் தப்பாகச் செய்து, தப்பு எங்கே என்று தேடித் தேடிப் பழகியது. ரிப்பேருக்கு வந்த போன்களைப் பற்றிய விவரத்தை வைத்துக்கொள்ள ஒன்று செய்திருந்தான். அதைத் திருச்சிக் கடைக்காரர்களே கேட்டு வாங்கிப் போனார்கள்.

ஜெயசித்ரா வேப்பந்தட்டை போகிற வழியில் உள்ள அவர்கள் ஊர்ப் பேரூராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். பொன்னாயி, வீராயி என்று அவளோடு சேர்த்து ஒரு வண்டிக்கு ஐந்து பெண்கள். வண்டி ஓட்ட ராசாங்கம். அந்தப் பேட்டரி வண்டியின் பின்னால் நடந்துபோய்ச் சந்து சந்தாகப் புகுந்து குப்பை வாங்கி வருவது அவர்கள் வேலை. தொற்று வந்த வீட்டில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்தக் குப்பையையும் அவர்கள்தான் வாங்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டை அவர்கள் 'ரெட் வூடு' என்பார்கள்.

நான்கு வயது மகள் தமிழினியை ஊரடங்கின் நடுவிலேயே திருமானூரில் இருக்கும் ஜெயசித்ராவின் தங்கை வேணி வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். வேணியின் புருஷன்தான் பாஸ் வாங்கிக்கொண்டு வந்து அழைத்துப் போனான். "ஒரு பத்து நாளுடி தங்கம்" என்று சொல்லி அனுப்பியது, ஆனி போய் ஆடியும் வந்துவிட்டது.

"வேலைய விட்டுரு" என்றான் கலையரசன்.

"விட்டுட்டு?"

"கடையில வர்றது போதும்."

"ஒனக்குப் போதும் மாமா. நான் நின்னா பொன்னாயி அக்காதான் என் தெருவையும் சேத்து அள்ளணும். அதுக்கு ஏற்கெனவே முட்டி மடங்க மாட்டேங்குது."

"அப்ப புள்ளைய எப்பத்தான் பாக்கறது?"

அவள் எழுந்துபோய் ஈரத்துணியைப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த துணி அது.

அன்றைக்குத்தான் அவன் மனதில் அந்த ஆப் விழுந்தது. ஜெயசித்ராவுக்கு நோய் ஒட்டியிருக்குமா, இருக்காதா என்று தெரியாததுதானே தொல்லை? தெரிந்துகொண்டால்? ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரு போன். ஸ்டிக்கர் ஒட்டிய வீடுகள் எல்லாம் அதில் ஒரு வரைபடத்தில். அந்த வீட்டுப் பக்கம் போனால் போன் அதிர வேண்டும், எவ்வளவு நேரம் நின்றாள் என்று எண்ண வேண்டும். கூட வேலை செய்பவர் இரண்டு மீட்டருக்குள் வந்தாலும் புளூடூத்தை வைத்து அதிர்ந்து, அதையும் ஆபத்தில் சேர்க்க வேண்டும். ஆபத்து அதிகம் என்றால் சிவப்பு. கொஞ்சம் என்றால் மஞ்சள். இல்லையென்றால் பச்சை. விடாமல் பதினான்கு நாள் பச்சை வந்தால், அந்த மனுஷி பிள்ளையைத் தூக்கலாம்.

போன்களுக்கு அவன் யாரிடமும் போய் நிற்கவில்லை. உதிரிக்காக வாங்கிப் போட்ட பழைய போன்கள் கடையில் ஒரு பெட்டி நிறைய இருந்தன. நல்ல பேட்டரி, நல்ல டிஸ்ப்ளே என்று தேடிப் பொறுக்கி ஐந்தைத் தேற்றினான். வீட்டிலேயே சோதித்தான். ஜெயசித்ராவை ஒரு போனோடு வாசலில் நிற்கவைத்து, தான் ஒரு போனோடு சமையற்கட்டிலிருந்து ஒவ்வோர் அடியாக நெருங்கினான்.

"அதிருதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல மாமா. வூட்டுக்காரன் பக்கத்துல வர்றான்னா போன் எதுக்கு அதிரப் போவுது. அதுக்கே சலிச்சுப் போயிருக்கும்."

இரண்டு மீட்டருக்குள் வந்தபோது சரியாக அதிர்ந்தது. அவனும் அன்றைக்குத்தான் சிரித்தான்.

சூப்பர்வைசர் பெரியசாமிக்கு ஆப் பிடித்துப்போனது. தினமும் காலையில் எந்தெந்த வீட்டில் ஸ்டிக்கர் என்று அவரே தன் போனில் பதிந்துவிடுவார். ஐந்து பெண்களிடமும் கலையரசனே நேரில் போன்களைக் கொடுத்து, எப்போதும் இது கூடவே இருக்க வேண்டும், தண்ணீர் பட்டாலும் பரவாயில்லை என்று சொன்னான். ஐவரிலும் மூத்தவளான பொன்னாயி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தம்பி, இதுல படம் பாக்கலாமா?"

"பாக்கலாங்க அக்கா. வேலை முடிஞ்சு பாருங்க."

"அப்ப கொரோனாவ இது கண்டுபுடிச்சிரும், என் மருமவ எங்க போறான்னு மட்டும் கண்டுபுடிக்காதா?"

முதல் வாரமே குழப்பம். ஐந்து போன்களும் சிவப்பு. காலையிலிருந்து வேலை முடியும்வரை ஐந்து பேரும் தோளோடு தோள் ஒட்டி நின்றதாக அவை சொல்லின. ஒருவர் கீழத்தெருவிலும் ஒருவர் பள்ளிக்கூடச் சந்திலும் குப்பை வாங்குகிற நேரத்தில் எப்படி ஒட்டி நிற்க முடியும்? "ஏம்மா, எல்லாரும் கும்பலாவா வேல பாக்கறீங்க?" என்று கேட்டான். "கும்பலா நின்னா பெரியசாமி சும்மா விடுவாரா? ஆளுக்கொரு சந்து" என்றாள் ஜெயசித்ரா.

திருச்சிக் கடையில் அவன் முதன்முதலாகக் கற்ற பாடம் ஒன்று உண்டு. ஐந்து போனில் ஒரே கோளாறு வந்தால் போனைப் பிரிக்காதே, சார்ஜரைப் பார். எந்தப் போனையும் அவன் பிரிக்கவில்லை. ஐந்துக்கும் பொதுவாக இருப்பது எது? எவ்வளவு நெருங்கினால் அதிர வேண்டும் என்று தான் கொடுத்த அளவுதான். பழைய போன்கள், கம்பெனிக்கு ஒரு மாதிரி. புளூடூத் சிக்னலை ஒன்று கூட்டிச் சொல்லும், ஒன்று குறைத்துச் சொல்லும். தன் அளவு தப்பு என்று முடிவுகட்டினான். அளவை இறுக்கினான். அப்போதும் சிவப்பு. மேலும் இறுக்கினான். கடைசியில், ஒரே வண்டிக்காரர்கள் ஒருவரோடொருவர் நெருங்குவதைக் கணக்கிலேயே எடுக்காதே என்று ஒரு வரி எழுதினான். பெரியசாமி பதிந்த வீடுகளை மட்டும் பார்த்தால் போதும் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் ஐந்தும் பச்சை.

அதற்கடுத்த நாளும் பச்சை. கலையரசன் கடையில் உட்கார ஆரம்பித்தான். பிரித்த போனை மூடினான். பஸ்களும் மாவட்டம் விட்டு மாவட்டம் ஓடத் தொடங்கியிருந்தன. ஜெயசித்ரா ஒவ்வொரு நாள் மதியமும் குளித்துவிட்டு வந்து போனைத்தான் முதலில் பார்ப்பாள். பச்சை. வேணிக்குப் போன் போட்டு, இன்னும் இத்தனை நாள் என்பாள். அங்கிருந்து தமிழினி, "நீ பஸ்ஸுலயா வருவ, வண்டியிலயா?" என்பாள். பஸ்ஸில்தான் என்று முடிவாயிற்று. கலையரசனிடம் இரண்டு அவசர வேலைகள் இருந்தன. ஜெயசித்ரா முந்திப் போவது, அவன் மறுநாள் தன் பைக்கில் போய் இருவரையும் அழைத்துவருவது.

பதினான்காவது பச்சைக்கு மறுநாள் அவள் பாதி வேலையோடு அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அரியலூரிலிருந்து திருமானூர் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து வைத்திருந்த கலையரசன், அதைச் சொல்லக் கடையிலிருந்து கூப்பிட்டான். மணி அடித்தது. எடுத்தது ஆண் குரல்.

"யாரு?"

"நீங்க யாரு? ஜெயசித்ரா இல்லியா?"

"தம்பியா? நான் ராசாங்கம். அது அப்பவே போயிருச்சே. அவசரத்துல போன மறந்துட்டுப் போச்சு பாரு, கூடையிலயே கெடக்கு."

"எந்தக் கூடைண்ணே?"

"நம்ம ஒயர் கூடைதான். சீட்டுக்குக் கீழ. எல்லா போனும் இதுலதான கெடக்கும். முன்ன வீராயி போன் சாக்கடைக்குள்ள வுழுந்து, அது அழுத அழுவைய ஒன்னும் கேக்காத. அதுலேருந்து வேலைக்கு எறங்கும்போது எல்லாரும் என்கிட்டதான் குடுத்துட்டுப் போவாங்க. க்ளவுச மாட்டிக்கிட்டு போன எங்க வச்சிக்கிறது?"

கலையரசன் கையில் இருந்த ஸ்க்ரூட்ரைவரை எங்கே வைத்தான் என்று பிறகு தேட வேண்டியிருந்தது.

"நான் குடுத்த போனையுமா?"

"பின்ன? அதத்தான் சொல்றேன். அஞ்சு போனும் நிக்காம அதிர்ந்துச்சு தம்பி. எங்க வண்டிய நிறுத்துனாலும் சீட்டுக்குக் கீழ வண்டு மாதிரி ஒரே சத்தம். மொத வாரம் ரொம்ப இருந்துச்சு, அப்பறம் நீ ஏதோ சரி பண்ணிட்ட போலருக்கு."

வண்டி எந்தச் சந்துக்குள்ளும் நுழையாது. தெருமுனையில் நிற்கும். பெண்கள் உள்ளே போய்க் குப்பையோடு வருவார்கள். அப்படியானால் அந்தப் போன்கள் எந்த ரெட் வீட்டையும் நெருங்கவே இல்லை. முதல் வாரம் அவை ஒட்டி நின்றதாகச் சொன்னது உண்மை; ஒரே கூடைக்குள் கிடந்தன. உண்மையைச் சொன்ன போன்களை அவன்தான் அளவை இறுக்கி இறுக்கி வாயடைத்திருக்கிறான். பதினான்கு நாள் பச்சை ராசாங்கத்துக்கு. ராசாங்கம் நன்றாக இருக்கிறார்.

வேணிக்குப் போன் செய்தான்.

"வேணி, அக்கா வந்தா புள்ளைகிட்ட விடாத."

"என்னா மாமா சொல்றீங்க?"

"ஆப் தப்பா காட்டியிருக்கு. அவள வெளியிலயே நிறுத்து. நான் வந்து சொல்றேன்."

"அக்கா மூணு மாசம் கழிச்சு வருது. வாசல்லயே நில்லுன்னு நான் எந்த வாயால சொல்றது? புள்ள காலையிலேருந்து பாவாடையக் கட்டிக்கிட்டுத் தெருவுல நிக்குது. நீங்களே வந்து சொல்லுங்க."

கடையைப் பாதி ஷட்டரோடு விட்டுவிட்டு பைக்கை எடுத்தான். பெரம்பலூர்–அரியலூர் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசைகட்டிப் போயின. ஒவ்வொன்றையும் முந்தும்போது புழுதியில் கண் தெரியவில்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் போய்ப் பார்த்தால் பஸ் போய்விட்டிருந்தது. மறுபடியும் விரட்டினான். திருமானூருக்குக் கொஞ்சம் இப்பால் கரும்பு வயல் ஓரத்தில் அந்த பஸ்ஸைப் பிடித்தான். ஜன்னலோரம் ஜெயசித்ரா. முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். அவன் ஹாரனை அழுத்திக் கையை ஆட்டினான். அவளும் கையை ஆட்டினாள். நிறுத்து என்று அவன் சைகை செய்தான். அவள் பக்கத்தில் இருந்த அம்மாளிடம், என் வீட்டுக்காரர் என்று காட்டியிருக்க வேண்டும். அந்த அம்மாளும் எட்டிப் பார்த்தாள்.

திருமானூரில் இறங்கியதும், "ஒரு நாள் பொறுக்க முடியல பாரு ஒனக்கு" என்றாள். "கடைய யாரு பாத்துக்கறது?"

அவன் சொன்னான். கூடை, சீட்டு, ராசாங்கம், தான் எழுதிய அந்த ஒரு வரி, எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னான். வழியெல்லாம் எப்படி மெல்லச் சொல்வது என்று யோசித்து வந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

ஜெயசித்ரா முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"நேத்துகூட மூணு ரெட் வூட்டுக் குப்பைய நான்தான் அள்ளுனேன்."

"பச்ச வந்தப்ப ஒனக்குத் தோணலியா?"

"தோணுச்சு. க்ளவுஸ் போட்டுருக்கேன்ல, அது அதுக்குத் தெரிஞ்சிருக்கும் போலன்னு நெனச்சுக்கிட்டேன். நீ செஞ்சதாச்சே மாமா."

அந்தக் கடைசி வார்த்தைக்கு அவள் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

திரும்பிப் போய்விடலாம் என்றான். அவள் கேட்கவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு மூஞ்சியக்கூடப் பாக்காமலா?" என்று நடக்க ஆரம்பித்தாள். வேணி வீட்டுத் தெருவின் மறுபக்கம், பம்ப் செட் குழாய் ஓரமாக நின்றாள். வேணி பிள்ளையை இடுப்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். தமிழினி முதலில் சிரித்தாள். அம்மா ஏன் அங்கேயே நிற்கிறாள் என்று புரியாமல் கூப்பிட்டாள். பிறகு வேணியின் பிடியிலிருந்து நழுவி இறங்கி ஓடிவந்தாள். ஓடிவந்த பிள்ளையைப் பார்த்து ஜெயசித்ரா பின்னால் நகர்ந்தாள். பிள்ளை வர வர இவள் பின்னால் போனாள். "வராதடி, வராத, அங்கயே நில்லு" என்று கத்தினாள். வேணி ஓடிவந்து அள்ளிக்கொண்டாள். அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி அழுதது பிள்ளை.

திரும்பும் வழியில் அவள் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அரியலூர் தாண்டியதும், "பெரியசாமிகிட்ட யாரு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

"நான்தான் சொல்லணும்."

சொன்னான். பெரியசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு வாரமா என் ஆளுங்க எல்லாம் பச்சன்னு ஆபீஸ் முழுக்கச் சொல்லிட்டேனேய்யா. இப்ப கூடை பச்சைன்னு போய்ச் சொல்லவா?" என்று கத்தினார். கத்திவிட்டு, ஐந்து பெண்களையும் ராசாங்கத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை கலையரசன் கடையையே திறக்கவில்லை. தெருமுனைக்குப் போவான், திரும்புவான். ஜெயசித்ரா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் இருந்தாள். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அவன் கதவைத் தட்டுவான். "வச்சுட்டுத் தள்ளிப் போ" என்று குரல் வரும்.

ஜெயசித்ராவுக்கு இல்லை. பொன்னாயிக்கு இருந்தது. காய்ச்சல்கூட இல்லாமல் வண்டியோடு நடந்துகொண்டிருந்தவள். கல்லூரிக் கட்டடம் ஒன்றில் கட்டில் போட்டு வைத்திருந்த முகாமுக்குக் கொண்டுபோனார்கள். கலையரசன் அவளிடம் போனில் பேச இரண்டு முறை எண்ணை அழுத்தி, இரண்டு முறையும் மணி அடிக்குமுன் நிறுத்தினான். மூன்றாவது முறை அவளே கூப்பிட்டாள்.

"தம்பி, ஒம் போன் இங்க நல்லா படம் ஓடுது. முட்டையெல்லாம் குடுக்கறாங்க. முட்டிக்கும் ரெஸ்டு."

"அக்கா, என்னாலதான்…"

"ஒன்னாலயா வந்துச்சு? போன் இல்லாம இருந்தாலும் வந்துருக்கும். ஆனா ஒண்ணு தம்பி, பச்சன்னு போட்டுருந்துச்சா, என் பேரன தூக்கிக்கிட்டுத்தான் திரிஞ்சேன். அதுக்குத்தான் இப்ப நெஞ்சு அடிச்சுக்குது. அவனுக்கும் டெஸ்ட் எடுத்துருக்காங்க."

பேரனுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் கலையரசன் பொன்னாயி வீட்டு வாசலில்தான் இருந்தான் என்று சொல்லலாம்.

அதற்குப் பிறகு அவன் கடையில் உட்கார்ந்து ஆப் எழுதவில்லை. விடியற்காலையில் வண்டியின் பின்னால் நடந்தான். முதல் நாள் ஜெயசித்ரா, "இங்கலாம் வராத" என்று விரட்டினாள். இரண்டாம் நாள் விட்டுவிட்டாள். கையில் குப்பையும் க்ளவுசுமாக இருப்பவர்களிடம் போனைக் கொடுத்து நீயே வைத்துக்கொள் என்பது ஆகாத காரியம் என்று பார்த்தவுடன் தெரிந்தது. போன் கூடையிலேயே இருக்கட்டும். பெண்கள் போய்வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பவர் ராசாங்கம் ஒருவர்தான். அவரே பதியட்டும். ஒரே போன். திரையில் ஐந்து பேர் படமும் பெரிதாக. யார் ரெட் வீட்டுச் சந்துக்குள் போகிறாரோ அவர் முகத்தை ஓர் அழுத்து. வெளியே வந்ததும் இன்னோர் அழுத்து. நடுவில் போன நேரத்தை ஆப் எண்ணிக்கொள்ளும்.

"பொன்னாயி மூஞ்சிய இவ்ளோ பெருசா வச்சிருக்கியே தம்பி, பயமா இருக்கு" என்றார் ராசாங்கம்.

முகாமிலிருந்து பொன்னாயி இன்னும் வரவில்லை. அவள் இடத்தில் தற்காலிகமாக வேறொரு பெண் வந்திருந்தாள். நான்கு நாள் ஓடியது. எல்லோருக்கும் கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள். ஜெயசித்ராவுக்கு மட்டும் பச்சை. கலையரசன் அன்று காலை தன் கண்ணால் அவள் இரண்டு ரெட் வீட்டுக்குப் போய்வந்ததைப் பார்த்திருந்தான். போனை எடுத்துக்கொண்டு ராசாங்கத்தின் முன்னால் போய் நின்றான்.

"அண்ணே, இவள ஏன் அழுத்தல?"

ராசாங்கம் ஸ்டியரிங்கைத் துடைத்தார். "அழுத்துனேனே."

"அழுத்தலண்ணே."

"அது புள்ளையப் பாக்கணும்னுச்சு தம்பி. நான் அழுத்தி அழுத்தி அது செவப்பாயிட்டா, எப்பப் போவும்? அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?"

கோபம் வரவில்லை அவனுக்கு. அவர் பக்கத்திலேயே வண்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். அளவை இறுக்கி இறுக்கித் தானும் இதைத்தானே செய்தான்? அவனுக்கும் பச்சைதான் வேண்டியிருந்தது. எங்கே போய் யாரிடம் கொடுத்தாலும் நடுவில் ஒரு மனுஷன் இருப்பான், அவனுக்கு ஓர் ஆசை இருக்கும். இதற்கு எந்த வரியை எழுதுவது?

வரி எழுதியது ஜெயசித்ராதான் என்று சொல்ல வேண்டும். அன்று வேலை முடிந்து வண்டியைக் கழுவும்போது அவள் எல்லோரையும் நிறுத்திப் பேசினாள்.

"ராசாங்கண்ணே, எனக்கு நல்லது பண்றேன்னு என் புள்ளைக்கு வெனைய வச்சிறாத. ரெட் வூட்டுலேருந்து வர்றப்பல்லாம் நாங்களே வண்டியத் தட்டி எங்க பேரச் சொல்றோம். சத்தமா. நாலு பேரு காதுல விழற மாதிரி. நீ அழுத்து. நீ அழுத்தலன்னா மத்தவங்க கேப்பாங்க."

"சரி தாயி."

"இன்னொண்ணு. ஏரித்தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரி இதுக்கும் முறை வைப்போம். ரெண்டு வாரம் ஒருத்தர் ரெட் வூட்டுப் பக்கமே போகக் கூடாது. நல்ல தெருவா மட்டும் அள்ளணும். அது முடிஞ்சதும் டெஸ்ட் எடுத்துட்டு அவங்க அவங்க வூட்டப் பாத்துட்டு வரட்டும். அப்பறம் அடுத்த ஆளு."

வீராயி உடனே கேட்டாள். "மொத முறை யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றாள் ஜெயசித்ரா.

"அது எப்படி? ஒம் புருஷன் ஆப்பு பண்ணுனதுனாலயா?"

"என் புருஷன் ஆப்ப நம்பி நான்தான நடுத்தெருவுல பின்னாடியே நடந்தேன். நீ நடந்தியா?"

வீராயி ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். "சரி போ. அடுத்தது நான். இப்பவே சொல்லிப்புட்டேன்" என்றாள்.

பெரியசாமியும் ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கலையரசனுக்கு முன்னைவிட மோசமாயிற்று. வண்டியைப் பெண்கள் தட்டுகிற சத்தம் கடைக்குக் கேட்காது. ராசாங்கத்துக்குத் தினம் மூன்று தடவையாவது போன் போடுவான்.

"அண்ணே, எல்லாம் அழுத்துறீங்களா?"

"அழுத்தறேன் சாமி."

"இவ ரெட் வூட்டுப் பக்கம் போகலியே?"

"போகல சாமி. நீ போன வச்சீன்னா வீராயிய அழுத்திருவேன். அது அங்க நின்னு வண்டிய ஒடைக்குது."

திரையில் பச்சை ஒவ்வொரு நாளாக நீண்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் முன்பு பார்த்த பச்சையும் இப்படித்தானே இருந்தது என்று தோன்றும். அன்று கூடையைப் பார்க்காமல் விட்டதுபோல் இப்போதும் வேறு எதையோ பார்க்காமல் விட்டிருக்கிறோம் என்று தோன்றும். ஒருநாள் காலையில் சொல்லாமல் போய்த் தெருமுனையில் நின்று பார்த்தான். ஜெயசித்ரா நல்ல தெருவில்தான் குப்பை வாங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த நல்ல தெருவில் எந்த வீட்டில் யார் இன்னும் சொல்லாமல் இருமிக்கொண்டிருக்கிறாரோ, அதை ஆப் எப்படி அறியும்? இதை அவளிடம் சொன்னான்.

"எனக்குத் தெரியாதா அது?" என்றாள். "தெரியாததுக்கெல்லாம் நீ ஒரு பட்டன் வைக்கப் பாக்காத. தூங்கு."

பதினான்கு நாள் முடிந்தது. பரிசோதனையிலும் இல்லை என்று வந்தது. இந்தத் தடவை போனை மறக்கவில்லை. கலையரசனே அவள் பையில் வைத்து, ஜிப்பை இழுத்துவிட்டு, பஸ் ஏற்றிவிட்டான். கூடப் போகலாமென்று எவ்வளவோ நினைத்தான். ஆனால் பொன்னாயி அன்றுதான் முகாம், வீட்டுத் தனிமை எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்புகிறாள். அவளிடம் புது ஆப்பைத் தானே சொல்லிக்காட்ட வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. போனான். பொன்னாயி தன் பெரிய படத்தைப் பார்த்துச் சிரித்தாள், ராசாங்கத்தைத் திட்டினாள். அவன் காது அதில் இல்லை. கடைக்கு வந்தான். ஒரு போனைப் பிரித்தான். மூடினான்.

மதியம் ஜெயசித்ராவின் போன் வந்தது. முதலில் கேட்டது தெருச் சத்தம், ஒரு கோழி, வேணியின் குரல்.

"மாமா."

"சொல்லு. போய்ச் சேந்துட்டியா?"

"வந்துட்டேன். வாசல்லதான் நிக்கறேன். வர மாட்டேங்குது மாமா. வேணி சீலைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு எட்டிப் பாக்குது. கூப்புட்டா தலைய ஆட்டுது. நான் ஒரு அடி வச்சா, அது ஒரு அடி பின்னால போவுது."

கலையரசன் எழுந்து நின்றான். கடைக்குள் நடக்க இடம் இல்லை. ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மேஜைமேல் இருந்த இன்னொரு போனில் ஆப்பைத் திறந்தான். அவள் படத்தைச் சுற்றிப் பச்சை.

"நான் கிட்ட போகலாமா?" என்று கேட்டாள் அவள். "நீ சொல்லு. போகலாமா?"

அவன் அந்தப் போனைக் கவிழ்த்து மேஜையில் வைத்தான்.

"போ" என்றான்.

அவள் போனை அணைக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிடும் சத்தம் கேட்டது. பிறகு வேணி, "பாரு, பாரு, அம்மாதான்" என்று சொல்வது கேட்டது. பிள்ளையின் குரலுக்காக அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். பழுது பார்க்க வந்த ஓர் ஆள் வெளியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்குப் போனார்.